பதினாலு நாள் பாக்கி

"தம்பி, எனக்கு எத்தன நாள் லீவு கெடக்கு?"

மில் டைம் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. ரீலிங்கில் வேலை பார்த்தவர். தலைமுடி முழுக்கப் பஞ்சு. மகளுக்குத் தலைப்பிரசவம், கூட இருக்க வேறு ஆள் இல்லை, பத்துப் பதினைந்து நாள் போய் இருக்க வேண்டும் என்றார். என் மேசையில் கிடந்த பேரேட்டின்படி முந்தின ஆண்டில் அவர் 287 நாள் வேலைக்கு வந்திருந்தார். இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு. வகுத்தால் பதினாலு. அன்றைக்கு அவருக்கு நாள் கூலி 75 ரூபாய். பதினாலு நாளைக்கு 1,050. நாலு நாளோ அதற்கு மேலோ விடுப்பு என்றால், ஊருக்குப் புறப்படும் முன்பே கையில் கொடுத்துவிட வேண்டிய பணம் அது. சட்டம் அப்படித்தான் சொன்னது.

"பாத்துச் சொல்றேம்மா. வண்டி கெளம்பப் போகுது பாருங்க" என்றேன்.

சொல்லவே இல்லை. அவர் ஐந்து நாள் சம்பளமில்லாமல் இருந்துவிட்டு, பச்சைப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு ஆறாம் நாள் வண்டியேறி வந்துவிட்டார். டிசம்பர் கடைசியில், அவர் பெயருக்கு நேரே பதினாலு நாள் விடுப்பு எடுத்ததாகவும் சம்பளம் பெற்றுக்கொண்டதாகவும் எழுதியது நான். கையெழுத்துக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டியதும் நான். "இங்கயா தம்பி?" என்று கேட்டுப் போட்டார்.

பத்தொன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஆலையின் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை எழுதினால், "அங்கேதானே நடந்தது" என்று மற்ற எல்லோரும் கையைத் துடைத்துக்கொள்வோம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்துக்குப் பெயர்போன அருணாசலேசுவரர் ஊர் வேறு. வெளியூர்க்காரர்களிடம் இதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கும் சிறிய ஊர். குன்றின்மேல் சீனிவாசப் பெருமாள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படி கொள்ளாத கூட்டம். அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம்: நூற்பாலைகள். அதை ஒட்டிச் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம்: மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள். இந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்: ஆண்டாள், பால்கோவா, துண்டு நெய்யும் தறிகள். இந்த வட்டாரத்தில் மாதச் சம்பளம் வாங்கியவர்கள், கணக்கு எழுதியவர்கள், பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள், சங்கத்தில் சந்தா கட்டியவர்கள், பத்திரிகைக்கு எழுதியவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் இங்கே 'நாம்' என்று எழுதுகிறேன். சட்டம் தெரிந்தவர்கள் என்ற பெயர் நமக்குத்தான் இருந்தது.

அந்தச் சட்டம் ஒன்றும் கஷ்டமானதில்லை. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 59-வது பிரிவு: ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேலோ, ஒரு வாரத்தில் 48 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கினால், மிகுதி நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். 79-வது பிரிவு: ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த ஆண்டில் இருபது நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு. எடுக்காமல் விட்டால் முப்பது நாள் வரை அடுத்த ஆண்டுக்குச் சேரும். வேலையை விட்டு நின்றுவிட்டால் மிச்ச விடுப்புக்குப் பணம். பேறுகால விடுப்பில் இருந்த நாளையும், ஆலை வேலை கொடுக்காமல் லே-ஆஃப் விட்ட நாளையும் 240-இல் சேர்த்து எண்ண வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விடுப்புப் புத்தகம் கொடுக்க வேண்டும் என்று மாநில விதிகளில் இருந்தது. என் பத்தொன்பது வருடத்தில் அந்தப் புத்தகத்தைக் கட்டுக்கட்டாக அலமாரியில் பார்த்திருக்கிறேன். ஒரு தொழிலாளி கையில் பார்த்ததில்லை.

கடைகளுக்குத் தனியாக மாநிலச் சட்டம் இருக்கிறது, 1947-இல் வந்தது. ஓராண்டு வேலை செய்த கடைச் சிப்பந்திக்குச் சம்பளத்தோடு 12 நாள் விடுமுறை, உடம்புக்கு முடியாவிட்டால் 12 நாள், வேறு காரியத்துக்கு 12 நாள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் அங்கேயும் இரட்டைக் கூலி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நமக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றபடியே பொட்டலம் கட்டுகிற பையனுக்கு வாரத்தில் என்றைக்கு லீவு என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? 2021-இல் இருக்கைச் சட்டம் வந்தது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைத்தே ஆக வேண்டும் என்று மாநில அரசு அந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. ஸ்டூல் வந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட நாம் எட்டிப் பார்த்ததில்லை. இரவு பத்தரைக்குக் கடை திறந்திருந்தால் நமக்குச் சந்தோஷம்.

பண்டிகை விடுமுறைச் சட்டத்தில் நம் மாவட்டத்துக்குத் தனி உரிமையே உண்டு. தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958-இல் வந்தது. விருதுநகர்க்காரரான காமராசர் முதலமைச்சராக இருந்த காலம். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் அவர். குடியரசு நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள், பிறகு சேர்ந்த மே நாள், இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள், எல்லாம் சம்பளத்தோடு. அந்த நாட்களில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு மாற்று நாள் ஒன்று. ஜூலை 15-க்குக் காமராசர் சிலைக்கு மாலை போடும்போது பள்ளிக்கூடத்தைச் சொல்கிறோம், மதிய உணவைச் சொல்கிறோம், அணையைச் சொல்கிறோம். இந்த ஒன்பது நாளைச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்பேத்கர் சிலைக்கும் அதே கதை. வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1945-இல் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. 1946-இல் வாரம் 54 மணி என்பது 48 ஆகக் குறைந்தது. ராஜபாளையத்து மண்ணின் மைந்தர் பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானது 1949 ஏப்ரலில். தொழிற்சாலைகள் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஏப்ரலில்தான். மூன்று சிலைக்கும் மாலை மட்டும் தவறுவதில்லை.

ஆடிப்பூரத் தேரோட்டம் வந்தால் மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அறிவிப்பின் கடைசி வரியில், இது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வரும் பொது விடுமுறை அல்ல என்று இருக்கும். வாத்தியாருக்கு லீவு. அரசு அலுவலகத்துக்கு லீவு. மில் தன் ஐந்து பண்டிகை நாளில் ஆடிப்பூரத்தைச் சேர்த்திருந்தால்தான் மில்காரப் பெண்ணுக்கு லீவு. சேர்க்கச் சொல்லி யார் கேட்பது? ஆண்டு தொடங்கும்போது பட்டியல் தயாரித்து ஆய்வாளருக்கு அனுப்புவது எங்கள் ஆபீஸ் வேலை. தொழிலாளியைக் கலந்துகொண்டதாக எழுதுவோம். யாரையும் கலந்ததில்லை. ரத வீதியில் நாம் வடம் பிடித்துக்கொண்டிருக்கும்போது, புறவழியாக மில் வண்டி போய்க்கொண்டிருக்கும்.

இனி 2023-க்கு வருகிறேன். நம் குற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது அந்த வருடம்தான்.

ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. 65-ஏ என்று புதிய பிரிவு. விரும்பும் ஆலைகளுக்கு வேலை நேர விதிகளிலிருந்து அரசு விலக்குத் தரலாம். பன்னிரண்டு மணி நேர வேலைக்குக் கதவைத் திறக்கிறார்கள் என்று கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. நாமும் கொதித்தோம். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேர ஓய்வு என்று கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டோம். 1923-இல் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடி நூறாண்டு நிறையும் நேரத்திலா இப்படி என்று நானே ஒரு கடிதம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். ஏப்ரல் 24-இல் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

அன்று மாலை டீக்கடையில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், வங்கியில் இருந்தவர் ஒருவர், பழைய சங்கத் தோழர் ஒருவர், நான். "ஜெயிச்சுட்டோம்ல" என்று தோழர் எல்லோருக்கும் டீ சொன்னார். அந்த நேரத்தில் ஒரு மில் வண்டி கடையைத் தாண்டிப் போனது. ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண் பிள்ளைகள்.

மே ஒன்றாம் தேதி. சட்டப்படி ஆலைக்கு விடுமுறை. வண்டி ஓடுகிறது.

"மாத்து நாள் குடுத்திருப்பாங்க" என்றார் வங்கிக்காரர்.

"ம்" என்றோம்.

வண்டியை மறித்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறுநாளாவது ஒருவரிடம், "நேத்துக்கு உனக்கு என்னம்மா கொடுத்தாங்க?" என்று கேட்டிருக்கலாம். எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் மில்லுக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். சட்டத்தில் பன்னிரண்டு மணி நேரம் நுழையக் கூடாது என்று பத்து நாள் குரல் கொடுத்த நாம், நம் வீட்டு வாசலைத் தாண்டி நெடுங்காலமாக ஓடிக்கொண்டிருக்கும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பப் பெறப்பட்டது அந்த 65-ஏ. அந்தப் பெண்களின் வேலை நேரம் அப்படியேதான் இருந்தது.

மிகுதி நேர வேலையை, எங்கள் பேச்சில் ஓ.டி.யை, எப்படி மறைப்போம் என்று சொல்லிவிடுகிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பதிவேட்டில் எட்டு மணி நேரம். உண்மையான நேரம் ஒரு குட்டி நோட்டில். ஆளில்லாத நாளில் "இன்னொரு அரை ஷிப்ட் பாத்துட்டுப் போ" என்பார் மேஸ்திரி. அந்த நாலு மணி நேரத்துக்கு ஒற்றைக் கூலி கணக்குப் போட்டு, சம்பளச் சீட்டில் 'ஊக்கத்தொகை' என்ற தலைப்பில் ஏற்றுவோம். ஊக்கத்தொகை என்று எழுதிவிட்டால் அது ஓ.டி. இல்லை, ஓ.டி. இல்லையென்றால் இரட்டைக் கூலியும் இல்லை. ஆய்வாளர் வருகிற நாள் எப்படியோ முன்கூட்டியே காதுக்கு வந்துவிடும். அன்றைக்குக் குட்டி நோட்டு என் சாப்பாட்டுப் பைக்குள் போய்விடும்.

கணக்கைப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60. ஓ.டி.க்கு மணிக்கு 120. நாலு மணி நேரம் கூடுதலாகப் பார்த்தால் அதற்கே 480. அன்றைய கூலி 960 ஆக வேண்டும். ஒற்றைக் கூலிப்படி கொடுத்தால் 720. நாளுக்கு 240 ரூபாய் காணாமல் போகிறது. மாதம் 26 நாள் என்றால் 6,240. இத்தனைக்கும், இரட்டைக் கூலியே கொடுத்தாலும் இப்படித் தினமும் வாங்கக் கூடாது. அந்தச் சட்டத்தின் பொதுவிதிப்படி ஓ.டி.யையும் சேர்த்து நாளைக்குப் பத்து மணி நேரம்தான் உச்சமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு மொத்தமே 50 மணி நேரம்தான். தினம் நாலு மணி என்று போனால் பதின்மூன்றாம் நாளே மூன்று மாதத்து அளவு தீர்ந்துவிடும்.

"அவங்களே ஓ.டி. கேட்டு நிக்கிறாங்க சார், நாம என்ன செய்ய?" இந்த வசனத்தை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்டு நிற்பது உண்மைதான். எட்டு மணி நேரக் கூலியில் குழுக் கடனும் மளிகைக் கடனும் அடையாது. மற்ற 240 ரூபாய் வர வேண்டும் என்று தெரிந்திருந்தால் அதையும் கேட்டிருப்பார்கள். தெரியாமல் பார்த்துக்கொண்டது நாம்.

கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், குஜராத் அரசு இந்த ஒற்றைக் கூலியையே அறிவிக்கையாக வெளியிட்டது: பன்னிரண்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலி. அங்கே ஒரு தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று அறிவிக்கை ரத்தானது. அந்தத் தீர்ப்பை நான் பத்திரிகையில் படித்துவிட்டு மனைவியிடம் வாய் நிறையப் பேசினேன். "நீங்க எழுதுன நோட்டும் இதுதானே?" என்றாள். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சங்கத்தையும் சொல்லியாக வேண்டும். சங்கம் இருந்த ஆலைகளில் தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சுவார்த்தை திருவிழா மாதிரி நடக்கும். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், கூடினால் 20. ஒரு சதவீதத்துக்கு மூன்று நாள் பேசுவோம். போனஸ் மொத்தமாகக் கையில் வருவது. வாங்கிக் கொடுத்த தலைவருக்குக் கைதட்டல் உண்டு. விடுப்புச் சம்பளத்துக்குக் கைதட்டல் கிடையாது. சில ஆண்டுகளில் விடுப்புப் பணத்தைப் போனஸ் உறையிலேயே போட்டு, உறை கனமாக இருப்பதாகக் காட்டியிருக்கிறோம். சங்கத்துக்காரர்களுக்கும் அது தெரியும். பதிலித் தொழிலாளிக்கு அதுவும் கிடையாது. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் 1908-இல் வ.உ.சி. தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவற்றில் கூலி உயர்வோடு வார ஓய்வு நாளும் இருந்தது. இங்கிருந்து தூத்துக்குடி ஒன்றும் தூரமில்லை. நூறு வருடத்துக்கு முன்பு கூலியையும் லீவையும் சேர்த்தே கேட்ட வாயை, நாம் போனஸ் மட்டும் பேசுகிற வாயாக்கிவிட்டோம்.

'கேம்ப் கூலி' பற்றி எழுதக் கை கூசுகிறது. மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை. பெண்ணைக் கட்டிக் கொடுக்க ஆகும் என்பார்கள். சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமான பெயரும் வைத்தார்கள். நடுவில் மஞ்சள்காமாலை வந்து வீட்டுக்குப் போய்விட்டால் தொகை போச்சு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலு நாள் விடுவார்கள், அதைத்தான் லீவு என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வயதுச் சான்று எடுத்துக் கொடுத்தது நம் வாத்தியார்கள். கமிஷன் வாங்கி வண்டியேற்றி விட்டது நம் ஊர்த் தரகர்கள். 'பயிற்சியாளர்' என்ற பத்தியில் அவர்கள் பெயரை எழுதியது நான். இருபத்துநாலு மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-இல் தமிழ்நாடே ஒரு சட்டம் செய்திருக்கிறது. அதற்காகத்தான் அந்தப் பத்தி. "நல்ல எடம், பொம்பளப் பிள்ளைக்குப் பாதுகாப்பு" என்று அந்த அப்பன்மாரிடம் சொன்னதும் நாம்தான்.

விசைத்தறிப் பக்கம் கதை வேறு. அங்கே மீட்டர் கூலி. எட்டு மணி நேரமா, பதினாலு மணி நேரமா என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை மீட்டர் என்பதுதான் கேள்வி. முன்பணம் வாங்கியிருப்பார்கள், தறியை விட்டு நகர முடியாது. மீட்டர் கூலிக்கும் ஓ.டி. உண்டு: முந்தின மாதத்தில் முழு நேரம் வேலை செய்த நாட்களின் சராசரி வருமானத்தை வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 59-வது பிரிவிலேயே இருந்தது. ஆனால் மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தால்தான் அப்போது தொழிற்சாலைச் சட்டம். எனவே அண்ணன் பெயரில் ஒரு ஷெட், மனைவி பெயரில் ஒரு ஷெட், நடுவில் ஒரு சுவர். எந்த ஷெட்டிலும் பத்துப் பேர் இல்லை. அந்தச் சுவரை எழுப்பச் சொல்லி யோசனை கொடுத்த கணக்குப்பிள்ளைகளில் என் சிநேகிதர்களும் உண்டு. நல்லவர்கள், கோயில் திருப்பணிக்கு முதல் ஆளாய் நிற்பார்கள். போன வருடம் எனக்குக் காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டபோது, நர்சம்மா சுற்றிய துணி நம்ம சத்திரப்பட்டித் துணியாகத்தான் இருக்கும் என்று பட்டது. மீட்டருக்கு எத்தனை பைசா கூலி என்று அன்றைக்குத்தான் முதன்முதலில் யோசித்தேன். அறுபத்தெட்டு வயதில்.

இப்போது மில் விடுதிகளில் ஒடியாப் பேச்சும் இந்திப் பேச்சும் கேட்கிறது. குமாரசாமி ராஜா 1954-இல் ஒடிசாவுக்கு ஆளுநராகப் போனார் என்று பெருமையாகச் சொல்லுவோம். அந்த ஒடிசாப் பையன் ராஜபாளையம் வந்தால் 'வடக்கத்தியான்'. நம் ஆட்களின் வேலையைப் பறிக்க வந்தவன் என்கிறோம். பன்னிரண்டு மணி நேரமும் ஒற்றைக் கூலிக்கு நிற்க ஆள் வேண்டும் என்பதால்தானே அவனைக் கூட்டி வந்தார்கள்? நம் ஆட்களுக்கு இரட்டைக் கூலியை நாம் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தால், ஒற்றைக் கூலிக்கு ஆள் தேடும் வேலையே வந்திருக்காது.

அரசாங்க வேலை பார்த்த நண்பர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பி ஒன்று சொல்கிறேன். 2020-இல் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து பணம் பெறுவதை அரசு நிறுத்தியபோது, எவ்வளவு ஆவேசம்! நியாயமான ஆவேசம்தான். தன் கணக்கில் எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது என்று அரை நாள் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அடுத்த வீட்டில் ரிங் ஃபிரேம் ஓட்டும் பெண்ணுக்கும் அதே பெயரில், உழைத்து ஈட்டிய விடுப்பு உண்டு என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போனது?

என் வீட்டைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா போன ஐப்பசியில் காய்ச்சலில் நாலு நாள் வரவில்லை. மாதம் முடிந்ததும், "நாலு நாள் பிடிச்சுக்கவா?" என்று மனைவி கேட்டாள். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "பிடிச்சுக்கோ" என்றேன். ரீலிங் அம்மாவுக்குச் செய்ததை நினைத்து இருபது வருடம் குமைந்துகொண்டிருந்தவன்தான் இதையும் சொன்னேன்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விடுப்புக்கு 240 நாள் என்றிருந்த தகுதி 180 ஆகக் குறைந்தது, அது நல்லது. ஓ.டி.க்கு இரட்டைக் கூலி என்பதும் நீடிக்கிறது. அதே கையோடு, தொழிற்சாலை என்று சொல்ல மின்சாரத்தோடு பத்துப் பேர் போதும் என்றிருந்தது இருபது பேராகிவிட்டது. அந்தச் சுவருக்கு இனிச் செங்கல் மிச்சம். சம்பளப் பாக்கிக்கு மனுப் போட ஓராண்டு என்றிருந்த கெடு மூன்றாண்டாகியிருக்கிறது. இதை எதிர்த்தும் ஆதரித்தும் நாம் மேடை போட்டுப் பேசுவோம், பேச வேண்டியதும்தான். 2023 மாதிரி பேசிவிட்டு டீ குடித்துக் கலைந்துவிடுவோமோ என்பதுதான் என் பயம்.

அந்த அம்மாவைத் தேடிப் போனேன். ஆலைக் குடியிருப்பை விட்டு எப்போதோ போய்விட்டார்களாம். மகள் வாழ்க்கைப்பட்ட ஊரில் இருப்பதாக ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. ஆயிரத்து ஐம்பது ரூபாயை இப்போது கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவர் அன்றைக்கு ஆறாம் நாளே வண்டியேறியது ஏறியதுதான்.

இந்தப் புரட்டாசியில் சனிக்கிழமைதோறும் காலை ஐந்து மணியிலிருந்து மலை அடிவாரத்தில், மொட்டை போடும் இடத்துக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருப்பேன். ஷிப்டுக்கு முன்னால் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, எத்தனை நாள் போனீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று உங்கள் கையால் குறித்த ஒரு தாள், இரண்டும் கொண்டுவாருங்கள். தறிக்காரர்கள் மீட்டர் கணக்கைக் கொண்டுவந்தால் போதும். எவ்வளவு பாக்கி என்று கணக்குப் போட்டு, மனுவும் எழுதித் தருகிறேன். என்னைப்போல ஏதாவது ஓர் ஆலையில் பேரேடு எழுதி ஓய்வுபெற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பேனாவோடு வந்து பக்கத்தில் உட்காருங்கள். கூட்டம் வந்தால் எனக்கு ஒரு கை போதாது.